வயிற்றுக்காகப் பூக் கேட்ட கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரக முட்டாள் நான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் அந்த மெஷின் கிடந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டால், முள் தொண்ணூற்றுச் சொச்சத்தில் மரியாதையாக நிற்கும். மற்றவர்களை ஏமாற்ற இப்படிச் செய்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. அந்த அறையில் நான் மட்டும்தான் இருப்பேன். கம்பியைப் பிடித்தபடியே முள்ளைப் பார்த்து, "பரவாயில்லையே, கூடலை" என்று மனப்பூர்வமாக நம்பி, அந்தச் சந்தோஷத்தில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன்.

உண்மை தெரிந்தது திருமுடிவாக்கத்தில். அங்கே இரும்பு வெட்டி வெல்டிங் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. பழைய இரும்பை நிறுக்கப் புதிதாக ஒரு பிளாட்பாரத் தராசு வந்திறங்கியது. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஏதாவது ஏற்ற வேண்டும். வெல்டர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிடித்துக்கொள்ள அங்கே ஜன்னல் இல்லை. லாரிக்காரன் தூரத்திலிருந்தே படிக்க வசதியாகச் சுவரில் சிவப்பு எழுத்தில் பெரிதாக எண் வேறு எரியும். நூற்று முப்பத்தி நான்கு என்று எரிந்தது. "சார், ரசீது போட்டுடலாமா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அது என் வழக்கம். மற்றவர்கள் ஆரம்பிப்பதற்குள் நாமே ஆரம்பித்துவிட்டால் பாதி வலி குறையும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் என்று எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கொள்ளு ரசம் குடித்தேன். குரோம்பேட்டையில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்; நான் போனதைவிட அவர்கள் எனக்கு போன் செய்ததுதான் அதிகம். அரிசியை விட்டேன், அரிசி என்னை விடவில்லை. குறைந்ததெல்லாம், சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

கடைசியில் என் சர்க்கரை டாக்டர் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கச் சொல்லி, காலையில் ஒரு பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, தூங்கும்போது என் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது என்றார். குறட்டை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, நின்ற மூச்சு மறுபடி கிளம்பும் சத்தமாம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் படி விடாமல் கேட்பவள்.

"நின்னா, தானா திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"இதுவரைக்கும் வந்திருக்கு" என்றார் அவர்.

முகமூடி போட்டுக் காற்று அடிக்கும் மெஷின் ஒன்று கொடுத்தார்கள். ராத்திரி ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். பாதித் தூக்கத்தில் என் கையே அதைக் கழற்றித் தூரப் போட்டுவிடும். காலையில் அது கட்டிலுக்குக் கீழே தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இந்த எடைக்கும் இந்த மூச்சுக்கும் சேர்த்து, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லி டாக்டர் ஒரு சர்ஜனிடம் அனுப்பினார்.

சர்ஜன் ஒரு பெண்மணி. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அங்கிருந்த நாற்காலியை. கை வைக்காத, அகலமான, உறுதியான நாற்காலி. எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்காக அப்படி ஒன்று யாரும் போட்டதில்லை. அதில் உட்கார்ந்த நிமிடமே அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் அவர் என் ஜோக் எதற்கும் சிரிக்கவில்லை. செய்யலாமா என்று கேட்டால் செய்யலாம், உங்களுக்கு அது பொருந்தும். செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டால் அதை நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். வயிறு கொஞ்சமாகத்தான் பிடிக்கும், வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை, மென்று மென்று நிதானமாகச் சாப்பாடு, சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. பழையபடி நடந்துகொண்டால் எடை திரும்பவும் ஏறும். எல்லாவற்றையும் ஏதோ ஃபிரிட்ஜ் வாங்க வந்தவனிடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், அவசரமே இல்லை, உணவு நிபுணரையும் மனநல ஆலோசகரையும் பாருங்கள், ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரிடம் பேசுங்கள், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மனநல ஆலோசகர் சின்னப் பெண். எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். பசிக்கிறது என்றேன். பசிக்காதபோது என்று கேட்டாள். நான் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்துகொண்டவர் என்று எனக்குக் கிடைத்தவர் குன்றத்தூர்ப் பக்கத்துக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு அரை இட்லியோடு எழுந்திருக்கும் மனிதர். ஒரு மண்டபத்தின் பின்பக்கம், அண்டாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பேசினார். முதல் மாதம் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் குடித்தது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு கொஞ்சம் முளைத்தது, ஒரு நாள் அவசரத்தில் இரண்டு வாய் பிரியாணியை முழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றது என்று எதையும் மறைக்கவில்லை. வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டேன்.

"வருத்தம் இன்னாத்துக்கு? இப்போ நானே குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிறேன்" என்றார். பிறகு கரண்டியால் என் வயிற்றுப் பக்கம் காட்டி, "ஆனா ஒண்ணு சார். வயித்ததான் சின்னதாக்குவாங்கோ. நாக்கு அப்டியேதான் கீது. அத்த நீதான் பாத்துக்கணும்" என்றார்.

அவருடைய தம்பிக்கும் இதே எடைதானாம். எல்லாம் விசாரித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, மாத்திரையும் நடையுமாக இருக்கிறாராம். அவனுக்கு அது சரி, எனக்கு இது சரி என்று சொல்லிவிட்டு, சாம்பாருக்குப் பெருங்காயம் போட எழுந்து போனார்.

மேடவாக்கத்தில் இருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எங்கள் குடும்பத்தின் உடற்பயிற்சித் துறை அமைச்சர். அவனுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தான். ஆபரேஷன் என்பது சோம்பேறிகள் எடுக்கும் குறுக்குவழி, ஏரியைச் சுற்றித் தினமும் நடந்தால் போதும் என்று ஒரு மணி நேரம் பேசினான். பேசும்போதே தட்டிலிருந்த முறுக்கு முழுவதையும் அவனே சாப்பிட்டான். என்ன சாப்பிட்டாலும் அவன் உடம்பில் ஒட்டாது.

ஆக, எல்லோரும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டார்கள். சொல்லாதது என் மனைவி மட்டும்தான். எத்தனை முறை கேட்டாலும், "உங்க உடம்பு, நீங்க சொல்லுங்க" என்பாள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். பழியை அவள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

அப்போதுதான் குன்றத்தூர் முருகனிடம் பூக் கேட்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. இரண்டு பொட்டலம் கட்ட வேண்டியது. ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. குருக்களிடம் கொடுத்தால் சாமி பாதத்தில் வைத்து ஒன்றை எடுத்துத் தருவார். சிவப்பு வந்தால் ஆபரேஷன், வெள்ளை வந்தால் வேண்டாம். இதைச் சொன்னதும் கணக்கு டீச்சர், எந்தப் பூவுக்கு எது என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டாள். சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குரோம்பேட்டை மார்க்கெட்டில் அவளே ஒரு நல்ல ரோஜாவும் கொஞ்சம் மல்லிகையும் வாங்கினாள்.

மலையடிவாரத்தில் அவள் தேங்காய் வாங்கப் போன நேரத்தில், பொட்டலம் கட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ரோஜாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். மல்லிகையை இரண்டாகப் பிய்த்து, இரண்டு பொட்டலத்திலும் அதையே வைத்துக் கட்டினேன். கந்தனுக்கே கஷ்டம் இல்லாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலே போக வண்டிப் பாதை இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். வேண்டுதலுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும் என்றாள். சின்ன மலைதான், குழந்தைகள் ஓடி ஏறுகிறார்கள். நான் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல் நடித்து ஏறினேன். அவள் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டாள். நான் விழுந்தால் பிடித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பிடித்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உருண்டுதான் கீழே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்போம்.

குருக்கள் பொட்டலங்களை வாங்கிப் பாதத்தில் வைத்து, தீபாராதனை காட்டி, ஒன்றை எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தார். பிரித்தாள். மல்லிகை. அவள் முகத்தில் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, முருகன் சொல்லிட்டான்" என்றாள். நான் மிகவும் வருத்தப்படுபவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிரகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். இன்னொரு பொட்டலத்தையும் குருக்கள் கொடுத்திருந்தார். ரோஜாவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அதைப் பிரித்தாள்.

திட்டத்தில் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். சாமி பாதத்தில் வைத்த ரோஜாவை எந்தப் பெண்ணும் தூக்கிப் போட மாட்டாள் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

அவள் இரண்டு மல்லிகைப் பொட்டலத்தையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். வருஷக்கணக்காகப் பரீட்சை ஹாலில் பிட்டு பிடிக்கும் கை அது, தேட வேண்டிய அவசியமே இல்லை. நசுங்கிப்போன ரோஜா வெளியே வந்தது. இதழைச் சரிசெய்து, தலையில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்றதுக்கு முருகன் எதுக்குங்க? எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"வேணாம்னு யோசிச்சு முடிவு பண்ணீங்கன்னா, நான் உங்க பக்கம்தான். ஆனா பயந்துக்கிட்டு முடிவு பண்ணாதீங்க. பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவளிடம் சொல்லாத வார்த்தை. ஒன்று வெளியே வந்ததும் மற்றவையும் பின்னாலேயே வந்தன. மயக்க மருந்து கொடுத்தபின் எழுந்திருக்காமல் போய்விட்டால் என்ன செய்வாய் என்றேன். இத்தனை செய்தும் எடை திரும்பி வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது என்றேன். கடைசியில், மனநல ஆலோசகரிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"குண்டா இருக்கறதாலதான் எல்லாருக்கும் என்னப் புடிக்குது. ஒல்லியாயிட்டா என் ஜோக்குக்கு யாரு சிரிப்பாங்க?"

"இப்ப மட்டும் யாரு சிரிக்கிறாங்களாம்?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கோயில் பூனை எழுந்து போய்விட்டது.

அந்த வாரமே மறுபடி சர்ஜனிடம் போனோம். இந்த முறை கேட்க வேண்டியதைக் கேட்டேன். இதில் செத்துப்போக வாய்ப்பு இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய் என்றார். என் மூச்சுப் பிரச்சினையால் மயக்க மருந்து கொடுப்பவர் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு சில வாரம் அந்த முகமூடியை ஒழுங்காகப் போட்டுப் பழக வேண்டும். ஒன்றும் செய்யாமல் இப்படியே இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அதையும் சேர்த்து எடைபோடுங்கள் என்றார். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேண்டாம் என்றாலும் வாருங்கள், இந்த நாற்காலி இங்கேதான் இருக்கும், மருந்திலும் சாப்பாட்டிலும் என்ன முடியுமோ பார்க்கலாம் என்றார். என்னைப் பயமுறுத்தாமலும் ஆசை காட்டாமலும் பேசிய அந்த அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரு ஜோக் சொன்னேன். அதற்கும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டிபன் கடைக்குள் போனோம். சாயங்கால நேரம், நல்ல கூட்டம். தட்டு விழும் சத்தம், பஸ் ஹாரன், "ரெண்டு பூரி" என்று உள்ளே கத்தும் குரல். நான் பொங்கல் சொன்னேன், அவள் காபி மட்டும் போதும் என்றாள். கை கழுவிவிட்டு நான் திரும்பி வந்து பார்த்தால், அவள் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண் அசந்தாள் என்று சொல்ல முடியாது. வாய் லேசாகத் திறந்து, கைப்பை மடியிலிருந்து நழுவ, ஆழ்ந்த தூக்கம். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் தூங்கிவிடுவாள், சக டீச்சர்கள் கேலி செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நானும் சேர்ந்து கேலி செய்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்பதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? என் மூச்சு நிற்கும். திரும்பி வருகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

சர்வர் காபியைக் கொண்டுவந்து டம்ளரை டக்கென்று வைக்கப் போனான். கையைக் காட்டி நிறுத்தினேன். புரிந்துகொண்டு மெதுவாக வைத்துவிட்டுப் போனான். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்தபோது அவன்தான் அவர்களிடமும் ஏதோ சொன்னான். அந்தக் கடையில், அந்தக் கூட்டத்தில், அவள் தூங்கி முடிக்கும்வரை யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை. காபி ஆறி ஆடை கட்டியது. பொங்கல் என் எதிரில் அப்படியே இருந்தது. நான் தொடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பொங்கலுக்கு அந்தக் கதி நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

விழித்ததும் பதறிப்போய், "எவ்ளோ நேரம் ஆச்சு? எழுப்பக் கூடாதா?" என்றாள். செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். என் கண்ணைப் பார்த்தாள். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

முகமூடியைக் கழற்றாமல் தூங்கப் பழகினேன். ஆபரேஷனும் நடந்தது. விழித்தபோது வலித்தது; வலிக்கிறது என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம், அதனால் சந்தோஷமாக இருந்தது. சமையல் காண்ட்ராக்டர் பார்க்க வந்தார். "கையில ஒண்ணும் எட்த்துகினு வர்ல சார். உனுக்கு இன்னாத்த எட்த்துகினு வர்றது?" என்று வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, எந்த வாரத்தில் எந்த சூப் என்று சொல்லிக்கொடுத்துப் போனார். மச்சான் வந்தான், ஏரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டு, அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பகலெல்லாம் என் கட்டிலருகே உட்கார்ந்து, கால் அமுக்கிவிட்டான். அவனைப் பற்றி மேலே எழுதிய முறுக்கு விஷயத்தை அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அது உண்மை என்பதால் இருக்கட்டும்.

எல்லாம் நல்லபடியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். முடி கொட்டியது, இருந்ததே கொஞ்சம். சில நாள் கால் இட்லி மலைபோல் தெரிகிறது, சில நாள் நாக்கு எதிர்வீட்டு வடை வாசனைக்குச் சுவரேறிக் குதிக்கப் பார்க்கிறது. மாத்திரை டப்பா எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சர்க்கரை மாத்திரை குறைந்தது. திருமுடிவாக்கத்தில் வெல்டர்கள், "சார், சேதாரம் ஜாஸ்தியா இருக்கே" என்கிறார்கள். அதற்கும் நான்தான் முதலில் சிரிக்கிறேன். கொஞ்சம் வேறு மாதிரியான சிரிப்பு. சில மாதம் கழித்து மறுபடி ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். இனி முகமூடி இல்லாமல் படுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரியே மெஷின் இல்லாமல் படுத்தேன். காலையில் நான் எழுந்தபோது நன்றாக விடிந்துவிட்டிருந்தது. சமையலறையில் சத்தமே இல்லை. பக்கத்தில் திரும்பினேன். பள்ளிக்கூட நாளில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறவள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நேரமாகிவிட்டதே என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். பரீட்சை முடிவு கேட்கும் பையனைப்போல, ராத்திரி நான் குறட்டை விட்டேனா, மூச்சு ஒழுங்காக வந்ததா என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"தெரியாது, தூங்கிட்டேன்."